பிலிமில் வெளிச்சம் கசிந்தால் எங்கே தேடுவது?

கானாடுகாத்தானில் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருந்ததை ஒரு பழைய பிலிம் கேமராவில் எடுத்தேன். நாலு மணி வெயில், பின்னால் பர்மாத் தேக்குத் தூண், கீழே ஆத்தங்குடிக் கல், எல்லாம் சரியாக அமைந்த படம். ரோல் கழுவி வந்ததும் பார்த்தால் இடது ஓரத்தில் தீப்பற்றிக்கொண்டது போல ஒரு ஆரஞ்சுப் பட்டை, அப்பத்தாவின் தோள் வரைக்கும் வந்திருந்தது. அடுத்த படத்திலும் அதே இடம், அதற்கடுத்ததிலும் அதே இடம். ஆனால் நடுவில் ஏழெட்டுப் படங்கள் சுத்தமாக இருந்தன.

காரைக்குடியில் பிலிம் காலத்திலிருந்தே ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். படத்தை நீட்டினால் அவர் வாங்கவே இல்லை. "படம் எதுக்கு தம்பி, நெகட்டிவைக் குடுங்க" என்றார். ஜன்னலுக்கு நேராக ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, "பின்கதவைத் திறந்து கீல் பக்கம் இருக்கிற பஞ்சைத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். விரலில் தார் மாதிரி ஒட்டியது.

கேமராவைத் திறக்காமலே அவர் எப்படிச் சொன்னார் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கியதோ, வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்ததோ, படம் கெட்டுப்போனதும் எல்லாரும் கேமராவைத்தான் முதலில் குடைகிறார்கள், இல்லையென்றால் லேப்காரர் கெடுத்துவிட்டார் என்கிறார்கள். முதலில் படிக்க வேண்டியது நெகட்டிவை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது வந்தது, உண்மையிலேயே கசிவுதானா அல்லது பிலிமே கெட்டிருந்ததா என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

கேமரா என்பது ஒரு இருட்டறை. எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் இரண்டாங்கட்டுப் பக்கம் சாமான் அறை இருக்கும். நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் நின்றால் கதவிடுக்கில் ஒரு கோடு, சாவித்துவாரத்தில் ஒரு கற்றை, ஓட்டு இடுக்கிலிருந்து தரையில் காசு மாதிரி ஒரு வட்டம் என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். பிலிமும் அப்படி நின்று பார்க்கிற பொருள்தான், ஆனால் நம் கண்ணைப் போல இல்லாமல் விழுந்த வெளிச்சத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகும். ஷட்டர் 1/125 நொடி திறந்தாலே படம் பதிகிற அளவுக்கு அதற்கு உணர்ச்சி உண்டு, அதனால் மயிரிழை இடுக்கு வழியாக ஒரு மணி நேரம் வெயில் புகுந்தால் கட்டாயம் பதியும். என் ரோலில் நடுவில் சில படங்கள் தப்பித்ததற்கும் இதுதான் காரணம். அவற்றை வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்துப் பக்கம் நின்று படபடவென்று எடுத்தேன். கெட்ட படங்களெல்லாம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் வெயிலில் நடந்தபோது உள்ளே காத்துக்கொண்டிருந்தவை.

சரி, நெகட்டிவை எடுத்து ஜன்னல் பக்கம் பிடியுங்கள். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாக இருக்கும், பிரிண்டில்தான் அது வெளுத்துத் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கறுப்பு எங்கே நிற்கிறது என்பதை. 35 எம்.எம். பிலிமில் படச்சட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர், அதற்கு மேலும் கீழும் பல் துளைகள் வரிசையாக ஓடும் ஓரம் இருக்கிறது. கறை சட்டத்தைத் தாண்டி அந்தத் துளைகள் வரைக்கும் வழிந்திருந்தால் வெளிச்சம் பின்கதவுப் பக்கமிருந்து வந்தது. சட்டத்தின் விளிம்பில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டால் அது முன்பக்கமிருந்து, அதாவது லென்ஸ், ஷட்டர் திரை, மடிப்புக் கேமராவாக இருந்தால் அதன் துருத்தி (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் தோல்), இவற்றில் ஒன்றின் வழியாக வந்தது. ஏனென்றால் முன்பக்கம் வரும் எந்த வெளிச்சமும் அந்தச் சட்டத்தின் வாய் வழியாகத்தான் பிலிமைத் தொட முடியும். எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கலர் பிலிமில் இன்னொரு அடையாளம், நிறம். கலர் நெகட்டிவில் மூன்று உணர்வடுக்குகள் இருக்கின்றன. லென்ஸைப் பார்த்த மேல் அடுக்கு நீலத்தைப் பிடிப்பது, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு. பின்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் முதலில் மாட்டுவது அடியில் உள்ள சிவப்பு அடுக்கு. அதனால்தான் பின்கதவுக் கசிவு பிரிண்டில் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ தெரிகிறது. முன்பக்கமிருந்து வருவது பெரும்பாலும் வெளிறிய வெள்ளையாக இருக்கும். கசிவு மிகவும் பலமாக இருந்தால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெள்ளையாகிவிடும், அப்போது நிறத்தை நம்ப வேண்டாம், விளிம்பைப் பாருங்கள்.

அடுத்தது திசை. லென்ஸ் காட்சியைத் தலைகீழாக்கி இடம் வலத்தையும் மாற்றித்தான் பிலிமில் போடும். ஆகவே படத்தின் கீழ் ஓரத்தில் கறை என்றால் கேமராவின் மேல் பக்கத்தில் ஓட்டை. படத்தின் இடது பக்கம் என்றால் பின்னாலிருந்து பார்க்கும்போது கேமராவின் வலது பக்கம், பெரும்பாலான எஸ்.எல்.ஆர். கேமராக்களில் (லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடி உள்ளவை) கதவின் கீல் இருப்பது அங்கேதான். அப்பத்தா படத்தில் இடது ஓரம் எரிந்திருந்தது, நிறம் ஆரஞ்சு, கறை பல் துளை வரைக்கும் வழிந்திருந்தது. அண்ணன் பார்த்தது இந்த மூன்றையும்தான். இதற்கு நேர்மாறாக வலது ஓரம் கெட்டிருந்தால் தாழ்ப்பாள் பக்கத்தையும், பின்கதவில் ரோல் பெயர் தெரிவதற்கு வைத்த சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதன் ஓரத்தையும் சோதிக்க வேண்டும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் திசை குழப்பும், அவற்றை விட்டுவிட்டு படுக்கை வாட்டில் எடுத்தவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் பாருங்கள்.

சில நெகட்டிவ்களில் பல் துளைகளின் உருவமே வரிசையாகப் படத்தின் மேல் அச்சானது போல இருக்கும். படம் எடுத்து முடிந்த பகுதி உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மேல் சுற்றின் துளை வழியாக வெளிச்சம் கீழ்ச் சுற்றில் விழுந்தது அது. இதுவும் பின்கதவுக் கசிவுதான்.

இனி அந்தத் தார். 1960களிலிருந்து வந்த ஏராளமான கேமராக்களில் பின்கதவு பொருந்தும் காடியில் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருப்பார்கள். அந்த ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து பத்துப் பதினைந்து வருடத்தில் இளகி, பிசினாகி, பிறகு பொடியாக உதிரும். எந்த நாட்டுக் கேமராவாக இருந்தாலும் இதுதான் கதி, இது வயதுக் கோளாறு. பழைய கேமரா வாங்கினால் முதல் வேலையாக ஃபோமை மாற்றிவிடுங்கள், கசிவு வருகிறதா என்று ஒரு ரோலைச் செலவழித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மாற்றுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பழைய பிசினைச் சுரண்ட இரும்பு எதையும் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் சீவி முனையைத் தட்டையாக்கி வைத்திருக்கிறேன், காடியின் அகலத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சமாக நனைத்துத் தடவி, ஊறவிட்டு, ஈர்க்கால் தள்ளினால் சுருண்டு வரும். கை கழுவும் சானிடைசரைப் பயன்படுத்த வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், வழுவழுப்பு தங்கிவிடும். நகப்பூச்சு அகற்றும் திரவமும் பெட்ரோலும் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். ஆரம்பிக்கும் முன் ஷட்டர் திரையைத் தொடாதபடி ஒரு காகிதத்தை அளவாக வெட்டி அதன் முன் வைத்துவிடுங்கள். கேமராவைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தால் பொடி உள்ளே போகாமல் கீழே விழும். உள்ளே கண்ணாடி மேலே எழும்பி முட்டுகிற இடத்திலும் ஒரு பட்டை ஃபோம் உண்டு, அதையும் மாற்றலாம், ஆனால் கண்ணாடியின் மேல் ஆல்கஹாலைக் காட்டவே காட்டாதீர்கள். அதன் முலாம் முன்பக்கம் பூசியது, துடைத்தால் போய்விடும்.

புது ஃபோம் இணையத்தில் ஒட்டும் பசையோடு கிடைக்கிறது. மேலும் கீழும் இருக்கும் ஒல்லிக் காடிக்கு 1.5 மில்லிமீட்டர், கீல் பக்கத்துக்கு 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். எனக்குக் கிடைக்கத் தாமதமானதால் காடிக்குக் கறுப்புக் கம்பளி நூலையும், கீல் பக்கத்துக்குத் தையல்கடையில் வாங்கிய கறுப்பு வெல்வெட் வெட்டுத்துண்டையும் வைத்தேன். நூல் காடியில் அழுத்தி உட்கார்ந்தால் போதும், இரண்டு முனையில் மட்டும் துளி பசை. அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது, ஃபோம் போல அது இளகவும் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தடிமன் அதிகமாகிக் கதவை அமுக்கித்தான் மூட வேண்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். கதவு முழுதாக உட்காராவிட்டால் பிலிமை அழுத்திப் பிடிக்கும் தட்டு விலகி ஃபோகஸ் கெடும்.

கறை சட்டத்துக்குள் மட்டும் இருக்கிறது என்றால் ஃபோமை மாற்றிப் பயனில்லை. துணித் திரை ஷட்டர் உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை லென்ஸ் மூடியில்லாமல் வெயிலைப் பார்த்து வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போலத் திரையில் ஊசித் துளை விழும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தால் அதுதான். இதைச் சோதிக்க, பிலிம் இல்லாதபோது லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, இருட்டறையில் முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்னாலிருந்து திரையைப் பாருங்கள், வானத்து நட்சத்திரம் மாதிரி தெரியும். எஸ்.எல்.ஆரில் கண்ணாடி குறுக்கே நிற்பதால் இந்த ஆபத்து குறைவு.

மடிப்புக் கேமராக்கள் தனி ரகம். மலாயாவிலும் பர்மாவிலும் கடை வைத்திருந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களோடு எங்கள் பெட்டகத்திலும் ஒன்று கிடந்தது, 120 ரோல் (எண் அச்சிட்ட காகிதத்தோடு சுற்றிய அகலமான பிலிம்) போடுவது. துருத்தியின் மடிப்பு முனைகளில்தான் தோல் தேய்ந்து துளை விழும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கம் திறந்து சின்ன டார்ச்சை உள்ளே விட்டு, துருத்தியை முழுதாக நீட்டி ஒவ்வொரு மூலையாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்றிரண்டு துளை என்றால் கறுப்பு அக்ரிலிக் பெயின்டையும் பெவிகாலையும் குழைத்து அந்த முனையில் மட்டும் தொட்டு வைக்கலாம், நன்றாகக் காயும் வரை நாலைந்து நாள் மடிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து துளை என்றால் துருத்தியை மாற்றுவதுதான் வழி, முழுக்கப் பூசினால் விறைத்துப்போய் மடங்காது.

அந்தக் கேமராக்களின் முதுகில் எண் பார்க்க ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். அந்தக் காலத்துப் பிலிம் பல சிவப்பு ஒளியை உணராதவை, அதனால் சிவப்புக் கண்ணாடி போதுமானதாக இருந்தது. இன்றைய பிலிம் சிவப்பையும் பிடிக்கும். எண்ணைப் பார்த்ததும் ஜன்னலை ஒரு துண்டுக் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள், ரோலை நிழலில் நின்று நகர்த்துங்கள்.

எங்கே கசிகிறது என்று சந்தேகம் தீராவிட்டால் மலிவான வழி இருக்கிறது. ஒரு ரோலைப் போட்டு, கதவின் இடுக்கு எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியன் டேப்பால் ஒட்டிவிட்டு 12 படம் எடுங்கள். பிறகு கீல் பக்க டேப்பை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த 12, அப்புறம் மேல் காடி டேப்பை எடுத்துவிட்டு மீதி. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் கேமராவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், எந்த எண்ணிலிருந்து கறை ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி உடம்பில் பிடித்துக்கொள்ளும், அன்றைக்கே பிரித்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னது கசிவு. ஃபாக் என்பது வேறு. கறைக்கு ஒரு வடிவம் உண்டு, ஃபாக்குக்குக் கிடையாது. பனிமூட்டம் மாதிரி பிலிம் முழுக்க, இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள காலி இடம்கூடச் சாம்பல் பூத்திருக்கும், பிரிண்டில் கறுப்பு கறுப்பாக இருக்காது. இதற்காகக் கேமராவைப் பிரிக்க வேண்டியதே இல்லை.

முதல் காரணம் வயதும் சூடும். பிலிம் பாலைப் போல, வெயில் காலத்தில் சீக்கிரம் கெடும். மாடி அறை அலமாரியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த ரோலும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததும் ஒன்றாக இருக்காது. காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், எடுத்ததும் ஒரு மணி இரண்டு மணி நேரம் பையைப் பிரிக்காமல் வெளியே வைத்திருங்கள், உடனே பிரித்தால் பிலிமில் ஈரம் படியும். காலாவதியான நெகட்டிவ் பிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) வீதம் கூடுதல் வெளிச்சம் கொடுப்பது பொதுவான வழக்கம், 200 ஐ.எஸ்.ஓ. (பிலிமின் வேக எண்) ரோலை 100 என்று வைத்து எடுப்பது போல. ஸ்லைடு பிலிமுக்கு இது உதவாது.

இரண்டாவது எக்ஸ்ரே. சிங்கப்பூரிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் அன்போடு நாலு ரோல் வாங்கிப் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பிவிட்டான், நாலும் சாம்பல் பூத்து அலை அலையாகப் பட்டையோடு வந்தன. விமானத்தில் ஏற்றும் பெட்டிகளைச் சோதிக்கும் கதிர் மிகவும் பலமானது. பிலிமைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டதால் தனியே எடுத்துக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. கூடக் கூடச் சேதமும் கூடும்.

மூன்றாவது நாமே. உச்சி வெயிலில் நின்று ரோல் மாட்டுவதால் ஆரம்பப் படங்கள் கெடும், பிலிம் சுருண்டிருக்கும் டப்பாவின் வாயில் உள்ள வெல்வெட் எல்லா வெளிச்சத்தையும் தடுக்காது. முகப்புக்குள் போய் மாட்டுங்கள், அதுவும் இல்லாத இடத்தில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று உங்கள் நிழலிலேயே மாட்டுங்கள். தவறிப்போய்ப் பாதி ரோலில் கதவைத் திறந்துவிட்டால் உடனே மூடி, இரண்டு மூன்று படம் நகர்த்திவிட்டுத் தொடருங்கள். இன்னும் டப்பாவுக்குள் இருக்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகாது, எடுத்து முடித்ததிலும் உள்சுற்றுகள் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

வீட்டில் கழுவுகிறவர்களுக்குத் தண்ணீரின் சூடும் ஒரு காரணம். கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு (உருவத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) 20 டிகிரி என்று போட்டிருப்பார்கள், எங்கள் ஊரில் மே மாதம் குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும். ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி மிதக்கவிட்டுக் குளிரவைக்கிறேன். 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் 20 டிகிரிக்கான 10 நிமிடத்தை 7 நிமிடமாகக் குறைப்பேன். இதைப் பார்க்காமல் விட்டால் பிலிம் வெந்து ஃபாக் ஏறும். லேப் தப்பா கேமரா தப்பா என்று தெரிய வேண்டுமானால் ஓரத்தில் பிலிம் கம்பெனியே அச்சடித்த எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். அது தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் கழுவியது சரி, தப்பு கேமராவில். அந்த எழுத்தும் இல்லாமல் பிலிம் வெறும் கண்ணாடியாக இருந்தால் தப்பு டெவலப்பரில்.

கடைசியாக, ஃபாக் என்று நினைத்துப் பலர் தூக்கிப்போடுகிற ஒன்று. கழுவி எடுத்த பிலிம் நீர்த்த பால் போல வெளுத்து, ஒளி ஊடுருவாமல் இருந்தால் அது ஃபாக் இல்லை, படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்ஸர் வேலையை முடிக்கவில்லை. பழைய ஃபிக்ஸராகவோ நேரம் குறைவாகவோ இருந்திருக்கும். அதைத் திரும்பப் புது ஃபிக்ஸரில் போட்டால் சரியாகிவிடும். பெட்டகத்துக் கேமராவில் நான் எடுத்த முதல் 120 ரோல் அப்படித்தான் வந்தது. காயப்போட்டிருந்ததைத் திரும்ப எடுத்து, தண்ணீரில் நனைத்து, புதிதாகக் கரைத்த ஃபிக்ஸரில் போட்டு வளவு முற்றத்து வெளிச்சத்திலேயே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளை கரைந்து, தூண் வரிசையும் அதற்குப் பின்னால் நெல் அளந்துகொண்டிருந்த ஆச்சியும் தெரிந்தார்கள்.